பின்னால் வருபவனுக்கு ஒரு விளக்கு

விளக்கென்றால் முன்னால் ஏந்திச் செல்வது என்றே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. பின்னால் வருபவனுக்காக ஏற்றும் விளக்கும் பழையதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சாலையில் இரவில் சென்ற மாட்டு வண்டிகளின் அச்சுக்கடியில் அரிக்கேன் ஆடிக்கொண்டிருக்கும். 1927-இல் விருதுநகர்-தென்காசி இருப்புப்பாதை இவ்விரு ஊர்களையும் தொட்டபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் வந்தது. வண்டி முழுதாய் வந்து சேர்ந்ததற்கு நிலையத்தாருக்கு அதுவே சாட்சி.

1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி உமிழும் டையோடைச் செய்துகாட்டினார். இன்று ஆர்வலர்கள் அவற்றை நான்கு நான்காகக் கோத்துக் காரின் பின்னே பனிவிளக்காகப் பொருத்துகிறார்கள். ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட். பாட்டரியின் 12 வோல்ட்டை மட்டும் நம்பிக் கணக்கிடலாகாது. எஞ்சின் ஓடுகையில் அது 14-ஐத் தொடும். மிஞ்சும் 6 வோல்ட்டை 300 ஓம் மின்தடை ஏற்றால்தான் மின்னோட்டம் 20 மில்லிஆம்பியரில் நிற்கும்.

சிவப்பு பனியைத் துளைக்கும் என்பது, என் பார்வையில், வெறும் நம்பிக்கை. பனித்துளி ஒளியலையைவிடப் பன்மடங்கு பெரிது. எல்லா நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறும். சிவப்பு மரபு, துளைப்பது ஒளியின் செறிவு. அச்செறிவே ஆபத்தும்கூட. பிரேக் விளக்கிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கும்படி ஐரோப்பிய விதி கூறுவது அதனால்தான். பனி விலகிய பின்னும் எரியவிட்டால், பின்னால் வருபவன் கண்கூசி, முன்வண்டி பிரேக் பிடித்ததையே அறியாமல் போவான்.