உங்க டேங்க்ல இருக்கிற பவளத்துக்குப் பேர் என்ன?

இன்னைக்கு எபிசோட் ஒரு பேர்க் குழப்பத்துல இருந்து ஆரம்பிக்குது. கடல்நீர் அக்வேரியம் வைக்கிற யாராவது கடையில போய் "மஷ்ரூம் கோரல் இருக்கா"ன்னு கேட்டா, அந்த ஒரே பேருக்கு ரெண்டு வேற வேற உயிரினம் வரலாம். ஒண்ணு டிஸ்கோசோமா. தொட்டா மெத்து மெத்துன்னு இருக்கும், உள்ள எலும்புக்கூடு கிடையாது. இன்னொண்ணு ஃபங்கியா. மேல சதை, உள்ள தட்டு மாதிரி கல். காளானைக் கவிழ்த்துப் போட்டா அடியில தெரியுற மடிப்பு மாதிரியே கல்லுல வரி ஓடும். ரெண்டையும் உலகம் முழுக்க மஷ்ரூம்னுதான் சொல்றாங்க.

வித்தியாசம் எங்க வருதுன்னா சட்டத்துல. ஃபங்கியா இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில வருது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. அந்த அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினா 3 முதல் 7 ஆண்டு வரைக்கும் சிறை. டிஸ்கோசோமா அந்தப் பட்டியல்ல இல்ல. ஒரு தொட்டிக்குள்ள இருக்கிற பொருளோட பேர் தெரியாம இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்போ புரியுதா?

இந்தப் பேர்களை யார் வெச்சாங்க, எங்க உட்கார்ந்து வெச்சாங்கங்கிறதுதான் இன்னைக்குக் கதை. பெரும்பகுதி நம்ம ராமநாதபுரம் கரையில நடந்தது. விருத்தாசலத்துல இருந்து ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில போய் இறங்குற தூரம்தான்.

முதல்ல ஒரு சின்ன விலகல். சங்க இலக்கியத்துல இருந்து ஜோசியர் மோதிரம் வரைக்கும் நாம 'பவளம்'னு சொல்ற அந்தச் சிவப்புக் கல் மன்னார் வளைகுடாவுல விளையுறது இல்ல. அது மத்தியதரைக் கடலோட பவளம். கிபி முதல் நூற்றாண்டுல எழுதப்பட்ட பெரிப்ளஸ்ங்கிற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு வந்து இறங்குற சரக்குகள்ல பவளத்தையும் சேர்த்திருக்கு. ரோமானியர் முத்துக்கு எவ்வளவு மதிப்புக் குடுத்தாங்களோ, இந்தியர் பவளத்துக்கு அவ்வளவு மதிப்புக் குடுத்தாங்கன்னு பிளினி எழுதி வெச்சிருக்கார். அதாவது, நம்ம கரையில முத்து எடுத்து அனுப்பிட்டு அங்க இருந்து பவளம் வாங்கியிருக்கோம். நம்ம கடல்ல இருந்த பவளத்தை நாம நகையா பார்க்கல. அது முருகைக்கல். கட்டடக் கல். சுண்ணாம்பு.

தனுஷ்கோடிக்குப் போனவங்க அந்த இடிஞ்ச தேவாலயத்தோட முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. அடுத்த முறை போனா, கேமராவைக் கீழ வெச்சுட்டு சுவர்ப் பக்கத்துல போய்ப் பாருங்க. கல்லுல தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கும். சில கல்லுல மூளை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடும். 1964 புயல்ல பூச்சு எல்லாம் போய், உள்ள இருந்த பவளம் வெளிய தெரியுது. ஒவ்வொரு குழியும் ஒரு காலத்துல ஒரு குட்டி உயிர் உட்கார்ந்திருந்த வீடு. பவளத்தை அடையாளம் காணுறவங்க பார்க்கிறதும் அந்தக் குழியைத்தான்: எவ்வளவு அகலம், உள்ள எத்தனை தடுப்பு, பக்கத்துக் குழியோட சுவரைப் பங்கு போட்டுக்குதா இல்ல தனிச்சுவரா.

நம்ம கரைப் பவளங்களை இப்படி முறையாப் பார்க்கத் தொடங்கினவங்கள்ல முக்கியமானவர் எட்கர் தர்ஸ்டன். 1885-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்த ஆங்கிலேயர். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளுக்காகத்தான் இவரைப் பெரும்பாலும் ஞாபகம் வெச்சிருக்காங்க. மண்டையோட்டை அளந்து மனுஷங்களை வகைப்படுத்தின அந்த வேலை பற்றித் தனியா ஒரு எபிசோடே சண்டை போடலாம். அதுக்கு முன்னாடி அவர் ராமேஸ்வரத்துல கடல் உயிரினங்களைச் சேகரிச்சுக்கிட்டு இருந்தார். 1887-ல் அந்தத் தீவின் கடல் உயிரினங்கள் பற்றி ஒரு முதற்கட்ட அறிக்கை, 1890-ல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றி ஒரு நூல். அவர் காலத்துல பேர் வைக்கிற அதிகாரம் பெரும்பாலும் லண்டன்லதான் இருந்தது. இங்க எடுத்த கல்லை அங்க இருக்கிற அலமாரியில இருக்கிற கல்லோட ஒப்பிட்டாத்தான் அதுக்குப் பேர்.

அதே அருங்காட்சியகத்தில் பின்னாடி வந்த கிரேவ்லி, 1927-ல் பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றி ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தார். விலங்கியல் படிச்சவங்களுக்கு பாலனோகிளாசஸ்னு ஒரு புழு ஞாபகம் இருக்கும், பரீட்சையில தவறாம வரும். அந்தப் புழுவுக்குப் பேர்போன தீவு அதுதான்.

நிஜமான திருப்பம் மண்டபத்துல. மண்டபம் முகாம் எதுக்குக் கட்டினதுன்னு நிறையப் பேருக்குத் தெரியாது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி தங்கவெச்சு, காலரா, அம்மை இருக்கான்னு சோதிச்சு அனுப்பின இடம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல் அந்தக் கட்டடங்களுக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் குடிவந்தது. 1947-ல் தொடங்கின அந்த நிலையத்தோட தலைமையகம் 1971 வரைக்கும் அங்கதான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போச்சு.

அங்க 1960-கள்ல பவளத்தை எடுத்துக்கிட்டவர் சி. எஸ். கோபிநாத பிள்ளை. இந்தியக் கல் பவளங்களை இங்கேயே உட்கார்ந்து, இங்கே எடுத்த மாதிரிகளை வெச்சு, வரிசையா வகைப்படுத்தினவர். மண்டபத்துக்கு எதிரே இருக்கிற மனோலித் தீவோட பேரையே ஒரு இனத்துக்கு வெச்சார்: மாண்டிபோரா மனோலியென்சிஸ், 1967. மாண்டிபோராங்கிற பேரை டேங்க் வெச்சிருக்கிற யாரும் கேட்டிருப்பீங்க. தட்டுத் தட்டா, ஆரஞ்சும் பச்சையுமா வளர்ற அந்த 'மாண்டி'தான். அந்தப் பேரினத்துல ஒரு உறுப்பினருக்கு நம்ம ஊர்த் தீவோட பேர் இருக்குங்கிறது எனக்கு இப்பவும் சந்தோஷம் தர்ற தகவல்.

பிள்ளை பின்னாடி வெளியிட்ட பட்டியல்ல மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் சேர்ந்து 94 இனங்கள், 37 பேரினங்கள். அதுக்குப் பிறகு தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிறுவனம் நீருக்குள்ள மூழ்கிப் பார்த்து, 2007-ல் மன்னார் வளைகுடாவுக்கு 117 இனங்கள்னு கணக்குக் குடுத்தது.

இப்போ ஆச்சரியம். 1969 ஜனவரியில் மண்டபத்துல பவளங்களுக்காக ஒரு கருத்தரங்கம் நடந்தது. இன்னைக்கு உலகப் பவள விஞ்ஞானிகள் எல்லாம் கூடுற சர்வதேசப் பவளப்பாறைக் கருத்தரங்க வரிசையில முதலாவதா எண்ணப்படுறது அதுதான். ரெண்டாவது 1973-ல் ஆஸ்திரேலியாவோட பெரும் பவளத்திட்டுல, ஓடுற கப்பல்ல நடந்தது. அப்படி ஒரு வரிசையோட முதல் புள்ளி மண்டபம்.

அதே காலத்துல அதே கரையில என்ன நடந்துக்கிட்டு இருந்தது? வள்ளம் வள்ளமா பவளத்தை உடைச்சுக் கரைக்குக் கொண்டுவந்து காளவாயில வேகவெச்சுக்கிட்டு இருந்தாங்க. பவளம் கிட்டத்தட்ட சுத்தமான கால்சியம் கார்பனேட். வேகவெச்சா சுண்ணாம்பு. வீடு கட்டவும் தொழிற்சாலைக்கும் அது போச்சு. உடைச்சவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. மீன் கிடைக்காத மாசத்துல அது கூலி. ஆனா விளைவு என்ன? மன்னார் வளைகுடாவோட 21 தீவுகள்ல ரெண்டு, விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும், இன்னைக்குத் தண்ணிக்கு அடியில. சுத்தி இருந்த பவளத்தை எடுத்த பிறகு அலையைத் தாங்க எதுவும் இல்ல, மணல் கரைஞ்சு போச்சு.

விருத்தாசலத்துல பீங்கான் வேலை பார்க்கிறவங்ககிட்ட சுண்ணாம்புன்னு சொன்னா முகம் மாறும். களிமண்ணுல ஒரு சின்னச் சுண்ணாம்புக் கல் தெரியாம கலந்துட்டா, சூளையில வெந்து வெளிய வந்த பிறகு அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, ஊதி, பொம்மையோட மேல்பரப்பைப் பெயர்த்துடும். காளவாயில நடக்கிற அதே வேதியியல்தான். நெருப்புல போனா பவளம் திரும்பி வராது, அவ்வளவுதான்.

1986-ல் தீவுகளைச் சுத்தி 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா ஆச்சு. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். ஆனாலும் உடைக்கிறது நிக்கல. 2001 ஜூலையில்தான் பவளங்கள் முதல் அட்டவணைக்குள்ள வந்தது. அந்த அறிவிப்பை ஒரு கோடு மாதிரி படிச்சுப் பாருங்க, நான் சாஃப்ட்வேர்காரன், எனக்கு அப்படித்தான் தோணும். 'ஸ்கிளராக்டீனியா வரிசை முழுவதும்'னு ஒரு வரி. கருப்புப் பவளம் தனி. கடல் விசிறி தனி. நெருப்புப் பவளம் தனி. ஆர்கன் குழாய்ப் பவளம், டியூபிபோரா மியூசிகா, தனியாப் பேர் சொல்லி. ஏன் தனி? டியூபிபோராவுக்குக் கல் கூடு இருந்தாலும் அது கல் பவளக் குடும்பமே இல்ல. எட்டு கொடுக்கு உள்ள மென்பவளங்களோட உறவு. பேர் சொல்லலைன்னா முதல் வரி அதைப் பிடிக்காது. எட்ஜ் கேஸ்! யாரோ வகைப்பாட்டியல் தெரிஞ்சவங்க எழுதின வரி அது.

எண்ணத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. கொடுக்கு எட்டு, ஒவ்வொண்ணும் இறகு மாதிரி பிரிஞ்சிருந்தா மென்பவளக் கூட்டம். ஆறோட மடங்குல போனா கல் பவளக் கூட்டம். பூ மாதிரி நீளமா ஆடுற கோனியோபோராவுக்கு 24 கொடுக்கு. அச்சு அசல் அதே மாதிரி இருக்கிற ஆல்வியோபோராவுக்கு 12. கிளை நுனியில ஒரு தனிக் குழி பெருசா இருந்தா அக்ரோபோரா, இல்லைன்னா வேற தேடணும். கலரை மட்டும் நம்பவே கூடாது. நீல விளக்குல பச்சையா, ஆரஞ்சா ஒளிர்றது அதுல இருக்கிற ஒளிர் புரதங்களோட வேலை. ஒரே இனம் பத்து கலர்ல வரும், பத்து இனம் ஒரே கலர்ல வரும். வெளிநாட்டுக் கடைகள் ஒவ்வொரு கலருக்கும் ஒரு சினிமாப் பேர் வெச்சு, விரல் நுனி அளவு துண்டை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விக்கிறாங்களே, அது பிராண்டிங். உயிரியல் இல்ல. வடிவத்தையும் முழுசா நம்ப முடியாது. அலை அடிக்கிற இடத்துல குட்டையா வளர்ற அதே பவளம், அமைதியான இடத்துல நீட்டி வளரும். மரபணுப் பரிசோதனை வந்த பிறகு விஞ்ஞானிகளே பழைய பேர்களை மாத்தினாங்க: நம்ம கடல் பக்கத்து ஃபேவியா எல்லாம் 2012-க்குப் பிறகு டிப்சாஸ்ட்ரியா. கடைக்காரர்கள் இன்னும் ஃபேவியான்னுதான் சொல்றாங்க.

வீட்டுக்குள்ள பவளம் வளர்க்கிற பழக்கம் எங்க இருந்து வந்தது? 1961-ல் ஜகார்த்தாவுல இருந்த லீ சின் எங், உயிருள்ள பாறை, காற்றுக் குமிழ், சூரிய வெளிச்சம், இவ்வளவு போதும்னு ஒரு அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ்ல எழுதினார். அங்க இருந்து ஜெர்மனி, அமெரிக்கான்னு வளர்ந்தது. இன்னைக்கு இந்தோனேசியாவுல கடல்ல மேடை போட்டு, ஒரு தாய்ப் பவளத்துல இருந்து துண்டு உடைச்சு ஒட்டி வளர்த்து ஏற்றுமதி பண்றாங்க. அந்த அரசாங்கமே 2018-ல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020-ல் மறுபடி திறந்தது.

இந்தத் துண்டு ஒட்டுற ஆணி இருக்கே, ஃப்ராக் பிளக்னு சொல்வாங்க, அது பெரும்பாலும் பீங்கான். மேல் பூச்சு இல்லாத, சுரசுரப்பான பீங்கான். ஆராய்ச்சிக்கூடங்கள்லயும் பவளக் குஞ்சுகள் வந்து ஒட்டுறதுக்கு இதே மாதிரி பூச்சில்லாத ஓடுகளைத்தான் கடல்ல தொங்கவிடுறாங்க. நெய்வேலிச் சுரங்கத்துல நிலக்கரிக்கு மேல கிடக்கிற களிமண், சூளை, பீங்கானுக்குன்னே ஒரு அரசுப் பயிலகம், எல்லாம் இருக்கிற ஊர் விருத்தாசலம். அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்யுற கைக்கு இந்த ஆணி ஒரு வேலையே இல்ல.

ஆனா அதுல ஒட்டக் கல் பவளம் எதுவும் சட்டப்படி கிடையாது. இங்கதான் எனக்கு ஒரு கருத்து இருக்கு. தடை சரி. ரெண்டு தீவு போன பிறகு வேற வழி இல்ல. பூங்காவுக்குள்ள கல் பவளம், மென்பவளம்னு பேதமே இல்ல, எதைத் தொட்டாலும் குத்தம், அதுவும் சரி. ஆனா அரசு மேற்பார்வையில, கணக்கு வெச்சு, வளர்த்த துண்டை மட்டும் படிப்புக்கும் தொட்டிக்கும் தர்ற ஒரு பாதை வேணும். அது இல்லாததால ஆசை மட்டும் மிஞ்சி, பேர் தெரியாத சரக்கு பேர் தெரியாத ஆள் கையில இருந்து வருது. "இது சாஃப்ட் கோரல் ப்ரோ, பிரச்சினை இல்ல"ன்னு சொல்றவருக்கு கொடுக்கு எண்ணத் தெரியுமா?

இதுக்கு எதிர்க் கருத்தும் வலுவானது. பாதை திறந்தா, கடல்ல உடைச்சதை வளர்த்ததுன்னு சொல்லி விக்கலாம், செக்போஸ்ட்ல நிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அதுக்கு அங்கயும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கணும். வகைப்பாட்டியலுக்கு வேலையும் சம்பளமும் குறைவா இருக்கிற காலத்துல, அது நடக்கிற காரியமான்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.

நடுவுல கடல் சூடாகிக்கிட்டே இருக்கு. 2016 கோடையில மன்னார் வளைகுடாவுல உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்துல இருந்து 22.7 சதவீதமாக் குறைஞ்சது. முதல்ல போனது கிளை கிளையா வளர்ற அக்ரோபோராவும் மாண்டிபோராவும் மாதிரியான வேகமா வளர்ற வகைகள். உருண்டையா, மெதுவா வளர்ற போரைட்டீஸ் ஓரளவு தாங்கிக்கிச்சு. எது போச்சு, எது நின்னுச்சுன்னு நம்மால சொல்ல முடியுது, ஏன்னா மண்டபத்துல ஒருத்தர் குழி குழியா எண்ணி எழுதி வெச்சிருந்தார்.

பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு: பாம்பன் பக்கம் குந்துகால்ல இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுறாங்க. கரையில ஒதுங்கிக் கிடக்கிற செத்த பவளத் துண்டும் அதே சட்டத்துக்குள்ளதான் வரும், பையில போட வேண்டாம். போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வெச்சு எடுத்தா குழியோட அளவும் தெரியும். அனுப்புங்க, சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.