மினி காரின் முன் பிரேக்: 7 அங்குலத்திலிருந்து 8.4 வரை

காரை வேகமாக ஓட வைத்தவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். அதை நிற்க வைத்த கதையைக் கேட்க ஆள் குறைவு. இங்கிலாந்தின் மினி காரை எடுத்துக்கொண்டால் இந்தக் கதை முழுவதும் ஒரே வண்டியில் கிடைக்கிறது. அதில் பாதி தொழிற்சாலையில் நடந்தது, மீதி வீட்டு ஷெட்டுகளில் நடந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. டிஸ்க் பிரேக் புதிய விஷயம் அல்ல. ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்றைக்குத் தாக்குப்பிடிக்கும் பேட் கிடைக்கவில்லை, சத்தமும் தாங்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1953 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. அதன்பிறகு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1955ல் சிட்ரோயன் டிஎஸ் முன் டிஸ்க்குடன் பெரிய அளவில் தயாராகத் தொடங்கியது.

சரி, மினிக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959ல் வெளிவந்தது. விலை 500 பவுண்டுக்கும் கீழே. உள்ளே இடம் வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தையே 10 அங்குலமாகச் சுருக்கிவிட்டார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 848 சிசி, 34 குதிரைத்திறன் இஞ்சினுக்கு அது போதும் என்று நினைத்தார்கள்.

பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பருக்கு இந்தக் குட்டி வண்டி பிடித்துப்போனது. 1961ல் மினி கூப்பர் பிறந்தது. இஞ்சின் 997 சிசி, 55 குதிரைத்திறன். முன்னால் 7 அங்குல டிஸ்க். கேட்க நன்றாக இருந்தாலும் அந்த டிஸ்க் மிகவும் சிறியது, அது போதவில்லை என்ற புகார் வந்தது. 1963ல் வந்த கூப்பர் எஸ்ஸில் டிஸ்க் 7.5 அங்குலமானது, தடிமனும் கூடியது. 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது இந்த எஸ்தான். பனி படிந்த மலைப்பாதையில் இறங்குகிற வண்டிக்கு பிரேக் எவ்வளவு முக்கியம் என்று சொல்லவே வேண்டாம்.

அரை அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 115 கி.மீ.யில் போகும் வண்டி 155ல் போனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அது அத்தனையும் வெப்பமாகத்தான் மாறும். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், மிதித்தாலும் பிடிக்காது. டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும். டிஸ்க் பெரிதானால் வெப்பத்தைத் தாங்க இரும்பு அதிகம். பேட் மையத்திலிருந்து தள்ளிப் பிடிப்பதால் அதே மிதிக்குப் பிடியும் கூடும்.

பிறகு ஏன் இன்னும் பெரிதாகப் போடவில்லை? 10 அங்குலச் சக்கரத்துக்குள் டிஸ்க்கும் காலிப்பரும் அடங்க வேண்டுமே! அதனால்தான் 1974ல் 1275 ஜிடி மாடலுக்கு 12 அங்குலச் சக்கரம் கொடுத்த பிறகே 8.4 அங்குல டிஸ்க் சாத்தியமானது. சாதாரண மினிக்கு அது கிடைத்தது 1984ல். அதாவது 25 வருடம் சாதாரண மினி முன் டிரம்மோடுதான் ஓடியது.

வீட்டு மெக்கானிக்குகளின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய 850 மினியில் 1275 சிசி இஞ்சினைத் தூக்கி வைப்பது பலருக்கும் பிடித்த வேலை. வேகம் கூடிவிடும், ஆனால் முன்னால் அதே பழைய டிரம். இதற்கு வழி காட்டியது 1980ல் வந்த ஆஸ்டின் மெட்ரோ. அதே குடும்பத்து வண்டி என்பதால் அதன் 8.4 அங்குல டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் மினிக்கு ஒத்துவந்தன. காயலான் கடையில் ஒரு மெட்ரோ கிடைத்தால் போதும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு சனி ஞாயிறில் வேலையை முடித்தார்கள்.

ஆனால் கழற்றி மாட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. மெட்ரோ காலிப்பர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஹோஸ், மினிக்கு ஒன்றுதான். இரண்டு வழியையும் ஒரு சின்னக் குழாயால் இணைக்காவிட்டால் பாதி பிஸ்டன் சும்மா இருக்கும். பெரிய பிஸ்டன் அதிக ஆயில் கேட்கும். மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும். லைனில் காற்று தங்கினால் மிதி பஞ்சுபோல ஆகிவிடும். 10 அங்குலச் சக்கரத்தை விட மனமில்லாதவர்கள் 7.9 அங்குல டிஸ்க்கும் அதற்கேற்ற அலுமினிய காலிப்பரும் வாங்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பின்சக்கரம். மினியின் எடையில் பெரும்பகுதி முன்பக்கம்தான். பிரேக் அடித்தால் இன்னும் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிவிடும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். அதைத் தடுக்கத்தான் முதல் மினியிலேயே பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு வைத்தார்கள். முன் பிரேக்கை மாற்றும்போது அந்த வால்வையும், பின் வீல் சிலிண்டர் அளவையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் சாலையில்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பிரிட்டனில் அதற்கு முழுத்தடை வந்தது 1999ல்தான். டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதுவதும், காற்றடித்துச் சுத்தம் செய்வதும் அன்று சாதாரணம். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். இன்று பழைய மினியைக் கழற்றுபவர்கள் ஈரத்துணியால் துடைக்கிறார்கள்.

ஒன்று மட்டும் பலரும் தவறாக நினைத்தார்கள். பெரிய டிஸ்க் போட்டால் உடனே பாதி தூரத்தில் வண்டி நின்றுவிடும் என்று. அப்படி இல்லை. பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிடித்தால், ஒரே ஒரு முறை அடிக்கும் பிரேக்கில் எல்லையை முடிவு செய்வது டயரின் பிடிமானம்தான். பெரிய டிஸ்க்கின் பலன் பத்தாவது முறை மிதிக்கும்போது தெரியும். மலை இறக்கத்தில், கடைசி வளைவிலும் முதல் வளைவில் பிடித்த மாதிரியே பிடிக்கும்.

2000 அக்டோபரில் கடைசி மினி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. மொத்தம் 53 லட்சத்துக்கும் மேல். அதன் முன்சக்கரத்துக்குள் இருந்ததும் அதே 8.4 அங்குல டிஸ்க்தான். இன்றும் யாராவது ஒரு பழைய மினியை வாங்கி இஞ்சினைப் பெரிதாக்கப் போகிறேன் என்றால், அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வி: "முன்னால் என்ன பிரேக் இருக்கிறது?"