எல்லோர் கையிலும் பறை

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் நினைவு நமக்கு வருகிறது. தோற்கருவிகளின் வரலாற்றிலும் அம்மலைப் பகுதிக்கு இடமுண்டு. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இரு பெருவேந்தரையும் வென்று, முரசும் குடையும் கவர்ந்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் கூறுகிறது. முரசை இழத்தல் ஆட்சியை இழத்தலுக்கு ஒப்பாக இருந்த காலம் அது. அத்தகைய முரசுக்குரிய கட்டிலில் அறியாது துயின்றார் புலவர் மோசிகீரனார். வாளால் வெட்டத் தகும் குற்றம் அது. அம்மன்னனோ அருகில் நின்று கவரி வீசினான். புறநானூற்றின் 50-ஆம் பாடல் தரும் செய்தி இது.

முரசு வேந்தருக்கு உரியது. பறையோ மக்களுக்கு உரியது. ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களுள் தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் சேர்த்தார் தொல்காப்பியர். ‘பறை’ என்ற சொல்லுக்கே ‘சொல்’ என்று ஒரு பொருள் உண்டு.

அரசர்களோடு முரசு மறைந்தது. பறை மறையவில்லை, ஆனால் பெருமை இழந்தது. அதனைக் கொட்டுவது ஒரு சமூகத்தார்மீது சுமத்தப்பட்ட கடமையாயிற்று. சாவு வீட்டில் கொட்டப் பணித்தவர்களே, கொட்டியவர்களை இழிந்தோர் என ஒதுக்கினர். கருவிக்கும் அந்த இழிவு ஒட்டிக்கொண்டது.

இங்கே பள்ளியின் வரலாற்றையும் நினைக்க வேண்டும். சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராஜாஜி, 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும், மறு பகுதியைப் பெற்றோரின் தொழிலிலும் செலவிட வேண்டும் என்றது அது. குலக்கல்வி என்று கூறிப் பலர் அதனை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. அந்த வழியில், பறை கொட்டுவோர் மகன் பறையைக் கற்பான். பிறர் பிள்ளைகள் அதனைத் தொடவும் மாட்டார்கள். தொடக்கப் பள்ளியில் எல்லோர் கையிலும் பறையைக் கொடுப்பது இதற்கு நேர்மாறானது அன்றோ?

அதனால் குழந்தைக்கு என்ன பயன்? வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. இரண்டும் ஒன்றுக்கொன்று இயைந்து இயங்க வேண்டும். அடிகளை எண்ண வேண்டும். அடுத்தவன் அடியைக் கேட்க வேண்டும். தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒருவன் முந்தினாலும் தாளம் குலையும். உரத்து அடிப்பவனை விட உற்றுக் கேட்பவனே இங்கே சிறந்தவன்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர் கிர்ஷ்னரும் தோமசெல்லோவும் பள்ளிப் பருவம் எட்டாத சிறு குழந்தைகளிடம் இதனைச் சோதித்தனர். இயந்திரத்தோடு கொட்டும்போது இருந்ததைவிட, மனிதர் ஒருவரோடு கொட்டும்போது குழந்தைகளின் தாளம் நன்கு ஒன்றியது என்று 2009-இல் வெளியிட்டனர். சேர்ந்து பாடி, ஆடி, தாளமிட்ட நான்கு வயதுக் குழந்தைகள், பின்னர் ஒருவர்க்கொருவர் மிகுதியாக உதவினர் என்று 2010-இல் அறிவித்தனர். கூட்டுத் தாளம் கூடி வாழவும் பழக்குகிறது என்பதற்கு இவை சான்று.

காலம் மாறி வருகிறது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எனினும், சேலம், நாமக்கல் சமவெளியின் பள்ளிகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. பள்ளி விழா வரும்போது, பறை கொட்டும் குடும்பத்துப் பிள்ளையை மட்டும் தேடி அழைத்துக் குச்சியைக் கொடுத்தால், பழைய இழிவுக்கே புதுமெருகு பூசியவர்கள் ஆவோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் நிற்கட்டும். ஊரில் பறையை முறையாக அறிந்த முதியவர் அவர்களுக்கு ஆசிரியராக அமரட்டும். பிள்ளைகள் அவரை ‘ஐயா’ என்று வணங்கிக் கற்கட்டும். புலவருக்குக் கவரி வீசிய மன்னனின் பண்பு, அங்கே மீண்டும் உயிர் பெறும்.