மிகுபுனைவில் தெய்வ ஆற்றல்

மிகுபுனைவு உலகங்களில் தெய்வங்கள் பெரும்பாலும் இருவகை. டோல்கியனின் ‘சில்மரில்லியன்’ (1977) நூலில் வரும் வலார்கள் ஏக இறைவனான எருவிடமிருந்து ஆற்றல் பெற்றவர்கள். யாரும் தொழாவிட்டாலும் அவர்களுக்குக் குறை வராது. மற்ற வகைத் தெய்வங்கள் பக்தரின் நம்பிக்கையை உண்டு வாழ்பவை. ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ விளையாட்டு உலகில் 1989இல் வெளிவந்த கதைகளுக்குப் பின், தெய்வத்தின் வலிமை அடியார்களைப் பொறுத்தது என்பது விதியாகவே ஆனது. விளையாட்டுக்கு இது வசதிதான். கதையில் தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் தெய்வம் வாக்கு கேட்டு வரும் வேட்பாளராகிவிடும். எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதைவிட எதை நம்புகிறார்கள் என்று கேட்கும்போதே இந்த அமைப்புக்கு உயிர் வருகிறது.

டெர்ரி பிராட்செட்டின் ‘ஸ்மால் காட்ஸ்’ (1992) இதற்குச் சிறந்த சான்று. ஆம்னியா நாடு முழுவதும் ஓம் என்ற தெய்வத்தின் பெயரால்தான் ஆளப்படுகிறது. ஆனால் மக்கள் உண்மையில் நம்புவது கோயில் அதிகாரத்தையும் அதன் விசாரணைக் கூடத்தையும். அச்சம் நம்பிக்கையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், பெருந்தெய்வம் ஓர் ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதை மெய்யாக நம்புகிறவன் புரூதா என்னும் எளிய மாணவன் ஒருவனே. மனிதர் நினைப்பில் வாழும் தெய்வம் வெறும் மாயைதானே என்று கேட்கலாம். ஆம் என்றால், ஓமுக்குப் பசியும் பயமும் வருவது எப்படி? சார்ந்திருப்பது இல்லாமை ஆகாது. மேலும், சார்ந்திருப்பதால்தான் அதற்குக் கடமை பிறக்கிறது: புரூதா தன் தெய்வத்திடமே அறம் பேசி வாதாட முடிகிறது. வலாரிடம் அப்படி வாதாட எந்த மனிதனுக்கும் பிடி கிடையாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. தெய்வம் கண்கூடாகச் செயல்படும் உலகில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? இருப்பதை ஒப்புக்கொள்வது மட்டுமே நம்பிக்கை என்றால் இந்த மறுப்பு வெல்லும். லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் ‘தி கர்ஸ் ஆஃப் சாலியன்’ (2001) வேறு விடை தருகிறது. அங்கே தெய்வங்கள் உண்டா என்ற ஐயம் பெரிதாக இல்லை. ஐந்து தெய்வங்களுள் ஐந்தாவதாக எண்ணப்படுவது தெய்வமா பேயா என்பதில்தான் சண்டை. ஆனால் ஒரு மனிதன் தன் விருப்பத்தை விலக்கி வழிவிடாத வரை, அந்தத் தெய்வங்களால் உலகில் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. ஆகவே அங்கே நம்பிக்கை என்பது தன்னையே ஒப்படைப்பது. அதற்கு விலையும் உண்டு. நம்பிக்கையைத் தெய்வத்தின் தீனியாக்கும் கதைகளைவிட இந்த ஏற்பாடே வலுவானது.