பக்கிங்காம் கால்வாய்: வரலாறும் மீட்பும்

பக்கிங்காம் கால்வாய் வங்கக் கடலை ஒட்டி, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரை செல்லும் உப்புநீர்ப் படகுக் கால்வாய். நீளம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். இதில் 257 கிலோமீட்டர் ஆந்திரத்திலும் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன. பெரும்பாலான இடங்களில் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே ஓடுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குப் பாதையாக இருந்து, பின்னர் சாக்கடையாக விடப்பட்டு, இப்போது நீர்வழியாகவும் பறவைகளின் புகலிடமாகவும் மக்கள் காற்று வாங்கும் இடமாகவும் மீட்கப்பட வேண்டும் என்ற பேச்சுக்கு உள்ளாகியிருக்கிறது.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஆரணிக்கும் இந்தக் கால்வாய்க்கும் தொடர்பு உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாக நதி செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, வாயலூர் அருகே கடலை அடைவதற்குச் சற்று முன்பு பக்கிங்காம் கால்வாய் அதைக் குறுக்காகக் கடக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்திலும் பட்டு நெய்யும் ஆரணி ஒன்று இருக்கிறது. அதன் வழியாக ஓடும் ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் சேர, அந்த ஏரியை ஒட்டியும் இதே கால்வாய் போகிறது. ஆக இரண்டு ஆரணிகளின் மழைநீரும் கடலுக்குப் போகும் வழியில் இந்தக் கால்வாயைத் தொட்டுத்தான் போகிறது. மேட்டில் ஆற்றுக்கு நேர்வது கடலோரத்தில் கால்வாய்க்கும் நேரும் என்பதை இந்தக் கட்டுரை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கம்

கால்வாயின் முதல் துண்டு தனியார் வணிகத்துக்காக வெட்டப்பட்டது. கடற்படைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தக்காரரான பேசில் காக்ரேன், 1801-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட அனுமதி பெற்றார். 1806-ல் படகுகள் ஓடத் தொடங்கின. சுங்கம் வசூலிக்கும் உரிமையும் அவருக்கே இருந்ததால் மக்கள் அதைக் காக்ரேன் கால்வாய் என்றே அழைத்தார்கள். 1837-ல் அரசு கால்வாயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காட்டைத் தாண்டிக் கிருஷ்ணா டெல்டா வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் சிறிது சிறிதாக நீட்டிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைக் கால்வாய் என்ற பெயர் அப்போது வழங்கியது.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்த் துண்டு மட்டும் நெடுங்காலம் வெட்டப்படாமல் இருந்தது. தெற்கிலிருந்து வரும் படகு அடையாற்றோடு நின்றது. வடக்கிலிருந்து வருவது கூவத்தோடு நின்றது. அந்த இடைவெளியை அடைத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். பிழைக்க வழியின்றிச் சென்னைக்கு வந்து குவிந்தவர்களை நிவாரண வேலை என்ற பெயரில் கால்வாய் வெட்ட அமர்த்தினார்கள். 1877-ன் தொடக்கத்தில் பஞ்ச நிவாரணத்துக்கான அரசுப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்தின் நிவாரண வேலைகளுக்கு வகுத்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். 1878-ல் முடிந்த கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. பட்டினியோடு மண் சுமந்தவர்களுக்கு அதன் கரையில் ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையாளர் உறுதியாக நம்புகிறார்.

இயங்கிய விதம்

கால்வாயின் மட்டம் கிட்டத்தட்டக் கடல் மட்டம். இதற்கென்று தனி நீர்த்தேக்கம் கிடையாது. எண்ணூர், கூவம், அடையாறு, கோவளம், பாலாறு, மரக்காணம் ஆகிய முகத்துவாரங்கள் வழியாகக் கடலின் ஏற்றம் உள்ளே வந்து, வற்றத்தில் வெளியேறியது. சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் தட்டையான கழிவெளியில் அதுவே போதும். நாளுக்கு இரண்டு முறை நீர் அசைந்துகொண்டே இருக்கும். கால்வாய் ஆறுகளைக் கடக்கும் இடங்களில், வெள்ளமும் வண்டலும் உள்ளே புகாமல் இருக்கப் பூட்டுக் கதவுகள் அமைத்திருந்தார்கள். சேப்பாக்கம் பக்கத்து லாக் நகர் என்ற பெயர் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது.

காற்று வாகாக இருந்தால் படகுக்காரர்கள் பாய் விரித்தார்கள். இல்லையென்றால் மூங்கில் கழி ஊன்றித் தள்ளினார்கள். அதுவும் எடுபடாத இடத்தில் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தார்கள். வடக்கிலிருந்து விறகும் நெல்லும், கடலோரத்திலிருந்து உப்பும் கருவாடும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் நகரத்துக்கு வந்தன. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள உப்புக் கொட்டாரங்களும், பேசின் பிரிட்ஜ் என்ற பெயரும், மயிலாப்பூரின் தண்ணீர்த்துறை மார்க்கெட்டும் அந்தப் படகு வணிகம் விட்டுச் சென்ற தடங்கள்.

சரக்கோடு மக்களும் போனார்கள். 1934-ல் பாரதிதாசன் ஜீவானந்தம் முதலிய நண்பர்களோடு நிலவொளியில் இந்தக் கால்வாய் வழியே மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றார். அந்தப் பயணத்தில் பிறந்ததுதான் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை. உல்லாசப் படகு என்பது சுற்றுலாத் துறை இன்று கண்டுபிடித்த புதுமை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சீரழிவு

ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. அப்போதும் படகுகள் ஓரளவு ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1960-களின் நடுவிலும் 1976-லும் வீசிய புயல்கள் கரைகளை உடைத்துக் கால்வாயைத் தூர்த்தன. படகு போகாத கால்வாயைத் தூர் வார யாருக்கும் அவசரம் இல்லை. தூர் வாராத கால்வாயில் படகு போக வழியில்லை. நகருக்குள் வீட்டுக் கழிவுநீர் இதில் திறந்துவிடப்பட்டது. அசையாத சாக்கடை நீரில் ஆகாயத்தாமரை மண்டியது. கடல்நீர் தாராளமாக வந்து போகிற இடத்தில் அந்தச் செடி தழைக்காது. ஆகவே அது எங்கெல்லாம் பச்சைப் பாய் விரித்திருக்கிறதோ அங்கெல்லாம் உப்புநீரின் வரத்து அற்றுப்போயிற்று என்று பொருள்.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட துண்டுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. பறக்கும் ரயிலுக்கு நிலம் எடுக்கும் தொல்லை இல்லாத இடம் என்று கால்வாயையே தேர்ந்தெடுத்தார்கள். கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995-லும், மயிலாப்பூர் வரை 1997-லும் ரயில் ஓடத் தொடங்கியது. தூண்களும் நிலையங்களும் கால்வாயின் படுகையிலேயே நிற்கின்றன. பஞ்சத்தில் வெட்டிய அந்தத் துண்டில் முழுப் படகுப் போக்குவரத்து இனி எளிதல்ல. நீர்வழியைத் துண்டித்ததில் வேறெந்த ஒற்றை முடிவும் இதற்கு நிகராகாது.

வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையங்களின் சாம்பலும் சூடான நீரும் கலந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கால்வாய் வழியாக எண்ணூருக்குள் பரவியது. கூழைக்கடாக்கள் சிறகில் கறுப்பு எண்ணெய் படிந்து திரிந்தன. அலையாத்தி மரங்களின் அடியில் எண்ணெய் ஒட்டியது. மீனவர்கள் வலையை இழந்தார்கள்.

கால்வாய் செய்த உதவி

இத்தனைக்கும் நடுவே, 2004 டிசம்பர் 26 அன்று கால்வாய் தன் பயனைக் காட்டியது. கரையேறிய சுனாமி நீரைப் பல இடங்களில் கால்வாய் உள்வாங்கிக்கொண்டு மீண்டும் கடலுக்கே திருப்பியது என்று மறு ஆண்டில் ஓர் ஆய்வு விளக்கியது. கால்வாய்க்கு மேற்கே நின்றவர்கள் தப்பியதில் அதற்குப் பங்கு உண்டு.

மழைக்காலத்தில் அதன் பணி இன்னும் பெரிது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கும் வெள்ளம், ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குக் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டைக் கடந்து கடலுக்குப் போக வேண்டும். மடுவோ கால்வாயோ முகத்துவாரமோ குறுகினால் பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள வீடுகளில் தண்ணீர் நிற்கும்.

மீட்பு முயற்சிகள்

2008 நவம்பரில் மத்திய அரசு காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளையும் சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தது. தமிழ்நாட்டுப் பகுதியில் சரக்குப் படகு இன்னும் திரும்பவில்லை. திரும்புவது கடினமும்கூட: முகத்துவாரங்கள் அடைபடுகின்றன, பாலங்கள் தாழ்வாக இருக்கின்றன, நகருக்குள் ரயில் தூண்கள் நிற்கின்றன. சரக்குக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு, கழிவெளிகளை இணைக்கும் நீர்ச் சங்கிலியாகக் கால்வாயைப் பார்த்தால்தான் மீட்பு கைகூடும்.

அதற்கான அடையாளங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டிருந்த 58 ஏக்கரை, இன்று சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று அறியப்படும் அமைப்பு மீட்டது. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. முதலில் செய்தது குப்பையை அகற்றிப் பள்ளங்களை ஆழப்படுத்தி நீர் நிற்கவும் ஓடவும் வழி விட்டதுதான். செடி நடுவது அடுத்த வேலை. உப்புநீர் வரும் இடத்தில் அலையாத்தி வகைகளையும், மேட்டில் இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர்காட்டு மரங்களையும் நட்டார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக நுழையும் பூங்காவாக அதைத் திறக்காமல், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலிடம் தந்து, வருகையைக் கட்டுப்படுத்தியது சரியான முடிவு.

தெற்கே முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் படகுக் குழாம் நடத்துகிறது. அங்கிருந்து உள்ளே போனால் கேளம்பாக்கத்து உப்பளங்களும் கழிவெளியும். பனிக்காலத்தில் முழங்கால் ஆழ உப்புநீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்து மேயும். ஓரங்களில் உள்ளான்கள் அலகால் குத்தித் தேடும். மேலே ஆலாக்கள் வட்டமிட்டுத் திடீரென நீரில் பாயும். விசைப்படகின் ஓசை நெருங்கினால் இந்தக் கூட்டம் மேய்ச்சலை விட்டு எழுந்துவிடும். அப்படிப் பலமுறை எழுப்பப்படும் பறவை அந்த இடத்தையே கைவிடும். எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆழமற்ற பகுதிகளில் விசைப்படகுக்குத் தடை வேண்டும். கழியும் துடுப்பும் போதும். அந்தக் காலத்துப் படகு அப்படித்தான் போயிற்று.

கேரளம் இதில் ஒரே நேரத்தில் முன்மாதிரியும் எச்சரிக்கையும். 1993-ல் தேசிய நீர்வழி 3 ஆன மேற்குக் கடற்கரைக் கால்வாய், கொல்லத்தையும் கோட்டப்புரத்தையும் இணைத்து இன்றும் இயங்குகிறது. சரக்கேற்றிய கெட்டுவள்ளங்கள் சுற்றுலா வீட்டுப் படகுகளாக மறுபிறவி எடுத்தன. அவை அளவுக்கு மீறிப் பெருகியதும் வேம்பநாட்டு ஏரியில் கழிவும் எண்ணெயும் கலந்தன. இங்கிலாந்தின் கென்னட்-ஏவன் கால்வாய் தன்னார்வலர்களின் நெடுங்கால உழைப்பால் 1990-ல் முழுவதும் திறக்கப்பட்டது. ஆனால் அது பூட்டுக் கதவுகளால் மேடேறி இறங்கும் நன்னீர்க் கால்வாய். அங்கு நீரைத் தேக்கி வைப்பது வேலை; இங்கே நீரை அசையவிடுவது வேலை. அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது மக்கள் பங்கேற்பு.

அந்த மக்கள் யார் என்ற கேள்வி சென்னையில் கூர்மையாக எழுகிறது. நீர்நிலைகளின் கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கரணைச் சதுப்பையும் தெற்குக் கால்வாயையும் ஒட்டிய தாழ்நிலத்தில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் அவர்களே. கரையில் நடைபாதை போடும் திட்டம், அந்தக் கரையிலிருந்து போனவர்களின் பிள்ளைகளுக்கும் படகோட்டியாக, வழிகாட்டியாக, காவலராக வேலை தர வேண்டும்.

சதுப்பு நிலங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கூடியிருக்கிறது. பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமானது. மரக்காணத்தை அடுத்த கழுவேலி 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மூன்றையும் தொட்டோ நெருங்கியோ செல்லும் நீர்வழி ஒன்றே. ஆனால் அதன் படுகை நீர்வளத் துறையிடம், தூண்கள் ரயில்வேயிடம், சரணாலயங்கள் வனத் துறையிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், படகுக் குழாம் சுற்றுலாக் கழகத்திடம் என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. எந்த முகத்துவாரத்தை எந்த மாதத்தில் திறப்பது என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்யும் அமைப்பு தேவை. அந்த அமைப்பின் வரைபடம் கடற்கரையோடு நிற்கக் கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவால் பாலாறு கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. மணல் அள்ளியதால் ஆற்றுப் படுகையும் தாழ்ந்தது. நல்ல மழை பெய்த 2021 போன்ற ஆண்டுகளில்தான் பாலாறு வெள்ளமாக வாயலூரை அடைகிறது. செய்யாற்றிலும் கமண்டல நாக நதியிலும் தண்ணீர் ஓடும் நாட்கள் கூடினால், வாயலூர் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களும் கூடும்.