நாய் இனத் தேர்வும் தத்தெடுப்பும்: ஒரு வரலாறு

நாய் வளர்க்க விரும்புவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, விரும்பிய இனத்து நாய்க்குட்டியை வாங்குவது. மற்றொன்று, கைவிடப்பட்ட நாயைக் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது. இவ்விரண்டும் நிறுவன வடிவம் பெற்றது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில்.

வேலையும் தோற்றமும்

முற்காலத்தில் நாயின் இனப்பெயர் பெரும்பாலும் அதன் வேலையைக் குறித்தது. இரை இருக்கும் திசையை நோக்கி அசையாமல் நின்று காட்டுவது பாயிண்டர். பறவையை மோப்பம் பிடித்ததும் பதுங்கிக் காட்டுவது செட்டர். 1859 ஜூன் மாதம் நியூகாசில் நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில் இவ்விரு வேட்டை இனங்களே இடம்பெற்றன. நவீன நாய்க் கண்காட்சிகளின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. வேலைக்காக உருவான இனங்கள் இங்கே தோற்றத்துக்காகப் பரிசு பெற்றன. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே இனவாரியான முதல் வம்சப் பதிவேடு வெளிவந்தது.

ஹாலோவே இல்லம்

கண்காட்சி தொடங்கிய மறு ஆண்டில், 1860இல், மேரி டீல்பி என்ற பெண்மணி இலண்டனின் ஹாலோவே பகுதியில் தெருநாய்களுக்கான தற்காலிக இல்லம் ஒன்றைத் தொடங்கினார். ‘டைம்ஸ்’ நாளேடு அதைக் கேலி செய்தது. ஆனால் 1862இல், எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழ் ‘இரண்டு நாய்க் கண்காட்சிகள்’ என்னும் கட்டுரையை வெளியிட்டது. இஸ்லிங்டனில் பரிசுக்காக நிறுத்தப்பட்ட உயர்குல நாய்களையும், அருகிலேயே ஹாலோவேயில் ஒதுங்கியிருந்த ஆதரவற்ற நாய்களையும் அது அருகருகே வைத்துக் காட்டியது. இல்லத்துக்கு ஆதரவு பெருக அது துணைசெய்தது.

டீல்பி 1865இல் மறைந்தார். இல்லம் 1871இல் பாட்டர்சீ பகுதிக்கு மாறியது. 1885இல் விக்டோரியா அரசியார் அதன் புரவலரானார். ஆயினும் தேடி வருவாரும் வாங்குவாரும் இல்லாத நாய்கள் பல அங்கே கொல்லப்பட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை.

தோற்றத்தின் விலை

காளைகளோடு மோதவிட்ட புல்டாக் நாய்க்கு 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த வேலை இல்லாமற்போனது. பின்னர் தட்டையான முகத்துக்காகவே அது வளர்க்கப்பட்டது. மூச்சுத்திணறல் அந்த இனத்தின் தீராத குறையாயிற்று. இத்தகைய கேடுகளை 2008இல் பிபிசி ஆவணப்படம் ஒன்று அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டு கென்னல் கிளப் தன் இனத் தரவரையறைகளைத் திருத்தியது.

லூசி சட்டம்

கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் பலரும் விரும்பி வாங்கும் இனம். அவ்வினத்தைச் சேர்ந்த லூசி என்னும் பெண்நாய் 2013இல் வேல்ஸ் நாட்டிலுள்ள நாய்ப்பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்டது. கூண்டில் அடைபட்டு, ஓயாமல் குட்டி ஈன்ற அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. அதன் பெயரால் வழங்கும் சட்டம் 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டிகளை இடைத்தரகர் விற்க இதனால் தடை ஏற்பட்டது. குட்டி வேண்டுவோர் வளர்ப்பவரிடம் நேரில் வாங்க வேண்டும், அல்லது காப்பகத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும்.

இன்று பாட்டர்சீ இல்லத்தில் தத்தெடுக்க வருவோரின் வீடு, வேலைநேரம், குழந்தைகள் ஆகிய விவரங்களைக் கேட்டறிந்தே அவர்களுக்கேற்ற நாயைக் காட்டுகின்றனர். குட்டியை விலைக்கு வாங்குவோரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவையே. நாயின் அழகு கண்காட்சி மேடைக்குப் போதும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ அதன் இயல்பும் வளர்ப்பவரின் வாழ்க்கைமுறையும் ஒத்துப்போக வேண்டும்.