4.78 கோடி போன் வித்தும் விழுந்த பங்கு

போன வருஷ அப்ரைசல்ல என் மேனேஜர் நல்ல ரேட்டிங் கொடுத்தார். ஹைக் மட்டும் கொடுக்கலை. "நீ நல்லாத்தான் பண்ணியிருக்கே. ஆனா அடுத்த வருஷம் இந்த புராஜெக்ட் இருக்குமான்னே தெரியலையேப்பா"ன்னுட்டார். செம கடுப்பு. ராத்திரி தூக்கம் வராம 2013-ல் ஆப்பிளுக்கு நடந்ததைத் தோண்டிப் படிச்சேன். அட, நம்ம கதைதான்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். ஐபோன் 5 கடைக்கு வந்தது 2012 செப்டம்பர் 21. முதல் மூணு நாளில் 50 லட்சம் போன் வித்தது. வேற எந்தக் கம்பெனியா இருந்தாலும் வெடி போட்டுக் கொண்டாடியிருப்பாங்க. பங்குச்சந்தை ஆய்வாளர்களோ, "இன்னும் நிறைய எதிர்பார்த்தோமே"ன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. அந்த வாரம்தான் 700 டாலரைத் தாண்டியிருந்த பங்கு அப்படியே இறங்க ஆரம்பிச்சது.

2013 ஜனவரி 14 அன்று அடுத்த குண்டு. ஐபோன் 5 திரைகளுக்கான ஆர்டரை ஆப்பிள் ஏறக்குறைய பாதியாக் குறைச்சிடுச்சுன்னு பத்திரிகைகளில் செய்தி. பங்கு 500 டாலருக்கும் கீழே போனது.

ஜனவரி 23 அன்று கணக்கு வெளியானது. 2012 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வித்த ஐபோன் 4.78 கோடி! அதுக்கு முந்தைய வருஷம் அதே காலாண்டில் 3.70 கோடிதான். அதுவும் அந்தக் காலாண்டுக்கு 14 வாரம், இதுக்கு 13 வாரம்தான். சப்ளையர்கள் பத்தின ஏதோ ஒரு தகவலை வச்சு மொத்த வியாபாரத்தையும் கணிக்க முடியாதுன்னு டிம் குக் பொறுமையா விளக்கினார். நியாயம்தானே? ஒரு சப்ளையருக்குக் குறைஞ்ச ஆர்டர் இன்னொருத்தருக்குப் போயிருக்கலாம். கையிருப்பு அதிகமா இருந்திருக்கலாம்.

மறுநாள் என்ன ஆச்சு? பங்கு ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்து 450 டாலருக்கு வந்தது.

சந்தைக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சான்னுதான் நானும் நினைச்சேன். கணக்கைத் திரும்பப் படிச்சா விஷயம் வேற. வருமானம் 18 சதவீதம் கூடியிருக்கு, லாபமோ நகரவே இல்லை. ரெண்டு வருஷமும் சுமார் 1310 கோடி டாலர்தான். 100 டாலருக்கு வித்தா, தயாரிப்புச் செலவு போக முன்னாடி 44.7 டாலர் நின்னது, இப்போ 38.6. இன்னொரு பக்கம் சாம்சங் பெரிய திரை போன்களா இறக்கிட்டிருந்தது. ஐபோன் 5-க்கு 4 அங்குலத் திரைதான்.

அடுத்த காலாண்டில் ரெண்டு தரப்பும் ஜெயிச்சது! ஐபோன் விற்பனை 3.51 கோடியிலிருந்து 3.74 கோடியா ஏறுச்சு. லாபம் 1160 கோடி டாலரிலிருந்து 950 கோடியா இறங்குச்சு.

அப்போ ஆய்வாளர்கள்தான் புத்திசாலிகளா? அதுவும் இல்லை. 2014-ல் ஆப்பிளும் பெரிய திரையோட ஐபோன் 6 கொண்டுவந்தது. அந்த வருஷக் கடைசிக் காலாண்டில் மட்டும் 7.45 கோடி போன், 1800 கோடி டாலர் லாபம். 2013-ல் "ஆப்பிள் கதை முடிஞ்சது"ன்னு வித்தவங்க தலையில் துண்டு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். விற்பனைக் கணக்கு நடந்ததைச் சொல்லுது. பங்கு விலை நடக்கப்போறதை ஊகிக்குது. கேள்வியே வேற வேற. சந்தேகப்பட்டவங்க ஓட்டையைச் சரியாப் பார்த்தாங்க. அதை அடைக்க முடியும்கிறதைத்தான் பார்க்கலை.

என் மேனேஜரும் என் ரேட்டிங்கைச் சந்தேகப்படலை, புராஜெக்டைத்தான் சந்தேகப்பட்டார். ஆறு மாசம் கழிச்சு அந்த புராஜெக்ட் நிஜமாவே மூடப்பட்டது. அதுக்குள்ள நான் வேற டீமுக்குத் தேவையானதைக் கத்துக்கிட்டு மாறிட்டேன். அவரைத் திட்டிக்கிட்டேதான் :-)

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் பங்கு வாங்கவோ விக்கவோ கிளம்பிடாதீங்க மக்கா. என்கிட்ட இருக்கிறது பி.எஃப். மட்டும்தான்.